மாதுளை முத்து உதிர்க்கும் கிண்ணம்: ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நாள் தவறாமல் ஒரு மாதுளம்பழமாவது உரித்தாக வேண்டிய வீடு எங்களுடையது. பழத்தை நான்காகப் பிளந்து, கட்டைவிரலால் முத்துகளை நெம்பி எடுப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். நகக்கண்ணில் ஏறிய கறையோ மறுநாளும் போகாது. இந்தத் தொல்லைக்குப் பயந்துதான், முத்து உதிர்ப்பதற்கென்றே விற்கும் கிண்ணம் ஒன்றை 249 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதன் வாயில் பொருந்தும் சல்லடைத் தட்டு, மேலே கவிழ்க்க மெத்தென்ற சிலிக்கோன் மூடி, இவ்வளவுதான் பொருள்.

அட்டைப் பெட்டியில் இருந்த படத்தின்படி பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தட்டின்மேல் கவிழ்த்து, மூடியைப் போட்டுக் கரண்டியால் தட்டினேன். இருபது தட்டுக்கு நான்கைந்து முத்துதான் விழுந்தது. கத்தி பழத்தின் நடுவே இறங்கியதில் முத்துகள் நசுங்கி, கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கியதுதான் மிச்சம்.

குறை பாதி என் வெட்டில் இருந்தது என்பது நான்கைந்து பழங்களுக்குப் பிறகே புரிந்தது. கத்தியை உள்ளே இறக்காமல், இடுப்பைச் சுற்றித் தோலை மட்டும் கீறி, இரு கைகளாலும் திருகிப் பிரித்தால் முத்துகள் நசுங்குவதில்லை. பிரித்த பாதியைக் கவிழ்ப்பதற்கு முன், அதன் விளிம்பை நாற்புறமும் வெளிப்பக்கமாக இழுத்துத் தளர்த்த வேண்டும். உள்ளே சவ்வு விட்டுக்கொடுக்கும் மெல்லிய சத்தம் கேட்கும். அதன்பின் தட்டினால் பூமுடி இருக்கும் பாதி ஒரு நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. காம்புப் பக்கப் பாதிதான் முரண்டு பிடிக்கிறது. மாதுளையின் உள்ளறைகள் இரண்டு அடுக்காக அமைந்திருப்பதும், காம்புப் பக்க அடுக்கில் அறைகள் குறைவாகவும் வேறு அமைப்பிலும் இருப்பதும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். உருண்டையாக வழவழவென்று இருக்கும் பழத்தைவிட, முத்து பருத்துத் தோல் பட்டை தட்டிய கனமான பழம் எளிதில் உதிர்கிறது.

இந்தக் கிண்ணத்தின் உண்மையான நன்மை வேகமன்று, தூய்மை. மூடி இருப்பதால் சாறு சட்டையிலும் சுவரிலும் தெறிப்பதில்லை. மாதுளைத் தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் அளவுக்கு வலுவானது என்பதால், இதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை. (இரும்புக் கத்தி பட்டால் அதே டானின் கறுத்துப்போகும், எவர்சில்வர் கத்தியே நல்லது.)

குறைகளும் உண்டு. பெரிய பகவா ரகப் பழத்தின் பாதி தட்டின் விளிம்பைத் தாண்டி நிற்பதால் மூடி சரியாக உட்காருவதில்லை. சல்லடைக் கண்களின் மூலையில் சிக்கும் வெள்ளைச் சவ்வை எடுக்கப் பழைய பல்துலக்கி ஒன்றைத் தனியாக ஒதுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வாரத்தில் மூடியின் ஓரம் கிழிந்தது; மூடியை மட்டும் தனியே தர இயலாது என்று விற்பனையாளர் பதில் எழுதிவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க, காசு செலவில்லாத தண்ணீர் முறையையும் செய்து பார்த்தேன். கீறிப் பிளந்த பழத்தைக் குண்டானில் நிரப்பிய நீருக்குள் வைத்து விரலால் தள்ளினால், முத்துகள் அடியில் தங்கும், சவ்வு மேலே மிதக்கும். சவ்வை அள்ளிப் போட்டுவிட்டு வடித்தால் முடிந்தது. ஆறு நிமிடம் ஆனது. கிண்ணத்தைக் கழுவும் நேரத்தையும் சேர்த்தால் அதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் ஈரமான முத்தைத் தயிர்சாதத்தில் போட்டால் தயிர் நீர்த்துப்போகிறது. குளிர்பெட்டியில் வைத்தாலும் சீக்கிரம் கெடுகிறது. அந்த இடத்தில் கிண்ணம் தரும் உலர்ந்த முத்துக்கே என் ஓட்டு.

ஒரே வேளையில் நான்கைந்து பழம் உதிர்க்கும் வீட்டாரும், விருந்துக்குப் பழக்கலவை செய்பவர்களும் இதை வாங்கலாம். கழுவும் வேலை ஒரே முறையோடு முடியும். ஒற்றைப் பழத்துக்கு நான் குண்டானுக்கே மாறிவிட்டேன். தயிர்சாதம் செய்யும் நாளில் மட்டும், ஓரம் கிழிந்த மூடியோடு கிண்ணம் பரணிலிருந்து இறங்குகிறது.