1955 சீக்ரேவ் தீயணைப்பு வண்டி: பத்து ஆண்டு அனுபவம்

எங்கள் கொட்டகையில் நிற்பது சீக்ரேவ் கம்பெனி 1955-இல் செய்த பம்பர், அதாவது பம்பு பொருத்திய தீயணைப்பு வண்டி. நிமிடத்துக்கு 1000 காலன், அதாவது கிட்டத்தட்ட 3785 லிட்டர் இறைக்கும் பம்பு, 500 காலன் தண்ணீர்த் தொட்டி, மூக்கிலேயே சைரன் பதித்த சிவப்பு முகப்பு. 2015-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துத் தெற்குப் பகுதியில் ஒரு சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புப் படையிடமிருந்து 5,800 டாலருக்கு நானும் என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் சேர்ந்து வாங்கினோம். அவர் 31 ஆண்டு தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கணினித் துறை. வாங்கும்போது எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

சீக்ரேவ்தான் வேண்டும் என்று நாங்கள் தேடியதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இருப்பது ஓஹாயோவின் கொலம்பஸ் நகரம். இந்த வண்டி பிறந்ததும் இங்கேதான். ஃபிரெடெரிக் சீக்ரேவ் 1881-இல் டெட்ராய்ட்டில் பழத்தோட்டங்களுக்கு ஏணி செய்து விற்றவர். பழம் பறிக்கச் செய்த ஏணி உறுதியாக இருப்பதைப் பார்த்துத் தீயணைப்புக்காரர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். ஏணியைத் தொடர்ந்து ஏணி வண்டி, அதன் பின் பம்பு வண்டி என்று தொழில் வளர்ந்தது. 1891-இல் கொலம்பசுக்கு வந்த கம்பெனி, 1963-இல் விஸ்கான்சினின் கிளின்டன்வில்லுக்குப் போகும் வரை இங்கேயே இருந்தது. 1951-இல் எழுபதாம் ஆண்டை ஒட்டி ஒரு புது முகத்தோடு வண்டிகளை இறக்கினார்கள். எங்களுடையது அந்த வகை.

என்ஜினின் கதை இன்னும் சுவையானது. பஃபலோ நகரத்து பியர்ஸ்-ஆரோ என்ற சொகுசுக் கார் கம்பெனி 1938-இல் மூடப்பட்டபோது, அதன் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினைச் செய்யும் உரிமையையும் கருவிகளையும் சீக்ரேவ் வாங்கிக்கொண்டது. பணக்காரர்களுக்காக வடிவமைத்த என்ஜின் அப்புறம் பல ஆண்டு தீயணைப்பு வண்டிகளில் உழைத்தது. சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 24 ஸ்பார்க் பிளக். ஒரு பற்றவைப்புத் தொகுதி செத்துப்போனாலும் இன்னொன்றில் ஓடும். தீ எரிகிற இடத்தில் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இந்த என்ஜின் மெதுவாக ஓடும்போது பக்கத்தில் நின்று பேசலாம், குரலை உயர்த்த வேண்டியதில்லை. பத்து ஆண்டாகக் கேட்டும் எனக்கு அந்தச் சத்தம் சலிக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு முதல் வார்த்தை: பாகங்கள் குறையாத வண்டியாகப் பாருங்கள். பெயின்ட் போயிருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம், அதெல்லாம் சரிசெய்துவிடலாம். ஆனால் பம்பு பலகையில் ஒரு வால்வுக் கைப்பிடி இல்லையென்றால், அதே அச்சில் வார்த்த கைப்பிடியைத் தேடியே ஒரு வருடம் போய்விடும். எங்கள் வண்டியில் இரண்டு குரோம் மூடிகளும் முகப்பு மணியும் இல்லை. மூடிகள் கிடைக்க பதினான்கு மாதம் ஆயிற்று. மணி காணாமல் போகவில்லை. வண்டியை விற்றாலும் மணியை நிலையத்திலேயே வைத்துக்கொள்ளும் படைகள் உண்டு, அந்த ஊர்க்காரர்களும் வைத்துக்கொண்டார்கள். அது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பம்புக்கு வருகிறேன், ஏனென்றால் தீயணைப்பு வண்டி என்றாலே அதுதான். லாரியின் அடிச்சட்டம், என்ஜின், சக்கரம் எல்லாமே ஒரு பம்பை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காக இருப்பவை. பொழுதுபோக்காக இதில் இறங்குகிற பலர் பெயின்டிலும் குரோமிலும் பணத்தைக் கொட்டிவிட்டுப் பம்பைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அது தவறு. முதல் இரண்டு வருடம் நானும் அந்தத் தவறைத்தான் செய்தேன்.

எங்களுடையது, சுழலும் சக்கரம் தண்ணீரை வீசித் தள்ளும் மையவிலக்குப் பம்பு. அது தானாகக் காற்றை வெளியேற்றாது. ஊரில் கிணற்று மோட்டாருக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே குடத்துக்குப் பதில் பிரைமர் என்ற சிறு பம்பு. அது உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளினால், வெளிக்காற்றின் அழுத்தம் குளத்துத் தண்ணீரை உறிஞ்சு குழாய் வழியாக மேலே ஏற்றும். கணக்குப்படி 33 அடிக்கு மேல் ஏறலாம். நடைமுறையில் 20 அடி தாண்டினாலே திணறும்.

முதல் தடவை ஒரு நண்பரின் பண்ணைக் குளத்தில் முயன்றபோது தண்ணீர் வரவே இல்லை. என்ஜின் உறுமியது, பிரைமர் ஓடியது, உறிஞ்சும் வலுவைக் காட்டும் வெற்றிட முள் 12 அங்குலத்தில் நின்றுவிட்டது. எங்கோ காற்று வாங்குகிறது. பெரியவர் பதற்றப்படவில்லை. எல்லா மூடிகளையும் அடைத்துவிட்டு, குழாயே மாட்டாமல் வெறும் பம்பை உறிஞ்ச வைத்தார். நல்ல பம்பு என்றால் முள் பாதரசக் கணக்கில் 22 அங்குலம் தொட வேண்டும், ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. எங்களுடையது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதன்பின் மூன்று சனிக்கிழமைகள், ஒவ்வொரு இணைப்பாக ஷேவிங் கிரீம் தடவி எங்கே உள்ளே இழுக்கிறது என்று பார்த்தோம். இரண்டு வால்வுகள் மூடும்போது அமரும் சீட் வளையங்களும், பம்பின் சுழல் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் பேக்கிங்கும் போயிருந்தன. புதுப் பேக்கிங் போட்டபின் நான் ஒரு சொட்டுகூட ஒழுகாதபடி இறுக்கினேன். பெரியவர் வந்து அரைச் சுற்று தளர்த்திவிட்டார். பம்பு ஓடும்போது அங்கே சொட்ட வேண்டும், அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர்விக்கிறது என்றார்.

நான்காவது சனிக்கிழமை, பிரைமர் கைப்பிடியை இழுத்து இருபது விநாடி இருக்கும். உறிஞ்சு குழாய் கனத்துக் கீழே அமர்ந்தது. பிரைமர் வாயிலிருந்து தண்ணீர் துப்பியது. அழுத்த முள் எழுந்தது. வால்வைத் திறந்ததும் தட்டையாகக் கிடந்த ஹோஸ் விறைத்து, குளத்துக்கு அந்தப் பக்கம் வரை தண்ணீர் பாய்ந்தது. அறுபது வயது தாண்டிய வண்டி! என் மகள் அப்போது எட்டு வயது. "அப்பா, இது நிஜமாவே வேலை செய்யுது!" என்று கத்தினாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த வியப்புதான் எனக்கும்.

இந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் ஒரு பெரிய சேதமும் நடந்தது. குளிர்காலத்துக்கு முன் பம்பை முழுக்க வடிகட்ட வேண்டும். நான் பிரதான வடிகாலைத் திறந்தேன், தொட்டியைக் காலி செய்தேன், எல்லா வெளிவாயில்களையும் திறந்து வைத்தேன். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஒரு வால்வின் வயிற்றில் அரைக் குவளை தண்ணீர் தங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் அது உறைந்து வால்வின் உடலைப் பிளந்துவிட்டது. அதைக் கழற்றி, அதே அளவில் வார்த்துக் கடைந்து மாட்ட 1,400 டாலர். இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் எல்லா வால்வையும் பாதி திறந்த நிலையில் விடுகிறேன். பந்து வால்வுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ள இடமில்லாத நிலை அதுதான். கதவில் ஒரு அட்டை தொங்குகிறது, அதில் பதினேழு இடங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேராக மகள் பேனாவால் குறிப்பாள்.

பெயின்ட் பற்றி எனக்கும் பெரியவருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. முழுக்க உரித்துப் புதிதாக அடிக்கலாம் என்றேன் நான். கதவில் இருக்கும் தங்கத் தகடு எழுத்தைத் தொடாதே என்றார் அவர். கடைசியில் மட்கார்டுகளை மட்டும் அடிப்பது என்று முடிவாயிற்று. வேலைக்குக் கொடுத்த பட்டறையில் சொல்லியும் கேளாமல் இடது கதவையும் தேய்த்துவிட்டார்கள். 1955-இல் ஒரு கைவினைஞர் எழுதிய ஊர்ப் பெயர் போய்விட்டது. அதைப் பார்த்து நின்ற பெரியவரின் முகம் எனக்கு மறக்காது. பிறகு கையால் எழுதும் ஒரு பெயர்ப்பலகைக் கலைஞரைப் பிடித்தோம். பசையைப் பூசி, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதம் வரும் வரை காத்திருந்து, 23 காரட் தங்கத் தகட்டை மயிலிறகு போன்ற தூரிகையால் எடுத்துப் படியவைத்தார். அதன்மேல் வெல்வெட் துணிப் பொட்டலத்தை வைத்துத் திருகித் திருகி வட்ட வட்டமாகச் சுழிகள் எழுப்பினார். வெளிச்சம் பட்டால் அந்தச் சுழிகள் அசைவதுபோல் இருக்கும். வேலை அற்புதம். ஆனாலும் வலது கதவின் பழைய எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு கைகள் என்று தெரியும். நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். இன்னொரு விஷயம்: பழைய சிவப்பு பெயின்டில் ஈயம் இருக்கும், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உலர்வாகத் தேய்த்து ஊதாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

டயர் மாற்றும் வேலையைச் சொந்தமாகச் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பல துண்டாகப் பிரியும் ரிம்கள் உண்டு. காற்று ஏற்றும்போது வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அவற்றில் ஒரு வகைக்கு இங்கே 'விதவையாக்கி' என்றே பெயர். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கனரக டயர் கடைக்குத்தான் கொண்டுபோகிறோம்.

ஓட்டுவது சுகமான வேலை இல்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது. கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். 45 மைல் வேகத்தில் நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் பிரேக்கை நம்ப எனக்கு மனமில்லை. ஒரு காலனுக்கு மூன்றரை மைல்தான் கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. கலக்காததைத் தேடிப் போட்டபின் கார்புரேட்டர் தொல்லை குறைந்தது.

அதனால் தூர விழாக்களுக்கு டிரெய்லரில் ஏற்றித்தான் போகிறோம். மிச்சிகனில் ஃபிராங்கன்முத் ஊரில் நடக்கும் பழைய தீயணைப்பு வண்டிகளின் கூட்டத்துக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கச் சாலையில்தான். முதலில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்: 500 காலன் தண்ணீர் என்றால் 4,170 பவுண்டு, கிட்டத்தட்ட 1,900 கிலோ, அதுவும் உள்ளே அலைமோதும் எடை. காலியாக எங்கள் வண்டி 17,000 பவுண்டு. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் குறைந்தது நான்கு கட்டு வேண்டும், கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலத் தடிமனுள்ள எழுபதாம் தரச் (கிரேடு 70) சங்கிலி ஒன்று 6,600 பவுண்டு தாங்கும். நான்கு போட்டாலே தேவைக்கு மேல். நான் ஆறு போடுகிறேன். சங்கிலியை அச்சில் மாட்ட வேண்டும், பிரேக் குழாய் நசுங்காமல் பார்க்க வேண்டும். முதல் 50 மைலுக்குள் ஒரு தடவை நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். வண்டி ஸ்பிரிங்கில் அமர்ந்ததும் சங்கிலி தளர்ந்திருக்கும். ஒருமுறை பின்பக்கத்து ஹோஸ் மூடும் தார்ப்பாய் நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு பறந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. அதிலிருந்து ஏணி, கோடாரி, ஹோஸ் முனையில் மாட்டும் நாசில், தார்ப்பாய் எதுவும் மேலே இருப்பதில்லை, எல்லாம் பெட்டிக்குள்.

விழாக்களில் எனக்குப் பரிசு முக்கியமில்லை. கண்ணாடி போல் மின்னும் வண்டிகள் வரிசையாக நிற்கும், அழகுதான். ஆனால் கூட்டம் கூடுவது தண்ணீர் அடிக்கும் இடத்தில். பழைய வண்டிகளுக்கென்று 1958-இல் தொடங்கிய ஸ்பாம்ஃபா சங்கத்தின் கிளைகளில் இருப்பவர்கள் பம்பு பற்றி எதைக் கேட்டாலும் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். எனக்கு இரண்டு கேஸ்கெட் இலவசமாகக் கிடைத்ததும் அப்படித்தான்.

செலவைக் கேட்பீர்கள். வாங்கிய விலை போக, பத்து ஆண்டில் சுமார் 23,000 டாலர் போட்டிருக்கிறோம், இருவருக்கும் சேர்த்து. கொட்டகை வாடகை அதில் இல்லை. விற்றால் அதில் பாதி வந்தாலே பெரிது. வண்டி வைக்க உயரமான, கூரையுள்ள இடம் கையில் இல்லாமல் வாங்காதீர்கள். தனியாகவும் வாங்காதீர்கள், உறிஞ்சு குழாயைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

மணியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2019-இல் வண்டியை அது வேலை செய்த ஊருக்கே, அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி ஊர்வலத்துக்குக் கொண்டுபோனோம். ஊர்வலம் முடிந்ததும் ஓடையில் குழாயை இறக்கித் தண்ணீர் எடுத்துக் காட்டினோம். அந்தப் படையில் இப்போது இருக்கும் இளைஞர்கள் யாரும் இந்த வண்டி இறைத்துப் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு ஏற்பாடு. மணி அவர்கள் நிலையத்துச் சுவரில்தான் இருக்கிறது. ஊர்வலத்தன்று காலை அதைக் கழற்றித் தருகிறார்கள், நான்கு போல்ட்டில் முகப்பில் மாட்டுகிறோம். நாள் முழுக்க மகள்தான் கயிற்றை இழுக்கிறாள். மாலையில் துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.