கோவிட் பேரிடர்க் கடன்: தவணை கட்ட முடியாதபோது எந்த வழி நல்லது?

அமெரிக்காவில் கோவிட் சமயத்தில் எஸ்பிஏ (அரசின் சிறுதொழில் நிர்வாகத் துறை) கொடுத்த இஐடிஎல் என்ற பேரிடர்க் கடன், ஊழியர் சம்பளத்துக்காகக் கொடுத்த பிபிபி கடன் மாதிரித் தள்ளுபடி ஆகிவிடும் என்று நம்பியிருந்த வியாபாரிகள் ஏராளம். ஆகாது. 3.75 சதவீத வட்டி, 30 வருடத் தவணை, கட்டித்தான் தீர வேண்டும். முடியாதவர்களுக்கு இன்று இருக்கும் வழிகள்: பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவது, கட்டாமல் விட்டு வசூலுக்காகக் கருவூலத்துக்குப் போகவிடுவது, திவால் சட்டத்தில் கடனைச் சீரமைப்பது, கடையை மூடுவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் கடன் பத்திரத்தை எடுத்து, பொறுப்பு யார் தலையில் என்று பாருங்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் தனிநபர் உத்தரவாதம் கொடுத்திருப்பீர்கள். எல்எல்சி அல்லது கார்ப்பரேஷன் (உரிமையாளரிடமிருந்து தனியாகப் பதிவான கம்பெனிகள்) பெயரில் அந்த வரம்புக்குள் வாங்கியிருந்தால் பொதுவாக உங்கள் சொந்த வீட்டுக்கும் சேமிப்புக்கும் ஆபத்தில்லை. 25,000 டாலரைத் தாண்டிய கடனுக்குத் தொழிலின் சொத்துகள்தான் பிணை. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் தன் பெயரிலேயே தொழில் நடத்தும் சோல் ப்ரொப்ரைட்டருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடன் எவ்வளவு சிறியதானாலும் கட்ட வேண்டியவர் அவரேதான்.

கட்டிக்கொண்டே போவது என்றால் என்ன என்று 1,50,000 டாலர் கடனை வைத்துப் பார்ப்போம். மாதத் தவணை 731 டாலர், அதில் வட்டிக்கு மட்டும் சுமார் 469. தவணை தொடங்குவதற்கு முன் கிடைத்த 30 மாத அவகாசத்திலேயே ஏறக்குறைய 14,000 டாலர் வட்டி ஏறிவிட்டது. கட்டும் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும் என்பதால், ஒழுங்காகக் கட்டினாலும் அசலில் ஒரு டாலர் குறைய நாலரை வருடம் ஆகும். மாதத் தவணையில் பத்து சதவீதம் கட்டினால் போதும் என்றிருந்த சலுகைத் திட்டத்தையும் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் லாபம் ஓரளவு வரும் கடைக்கு இதுவே நல்ல வழி. இவ்வளவு குறைந்த வட்டியில் வேறு யாரும் கடன் தரமாட்டார்கள். இந்தத் தவணையைக் கட்டுவதற்காகத் தினமும் கணக்கிலிருந்து பணம் உருவும் மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ் (வரப்போகும் விற்பனைப் பணத்தின் மேல் தரும் முன்பணம்) மட்டும் வாங்காதீர்கள்.

பலரும் எதுவும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கடன் அமெரிக்கக் கருவூலத்துக்குப் போனால் 30 சதவீதம் வரை வசூல் கட்டணம் ஏறும். 1,50,000 டாலருக்கு அது 45,000. பொறுப்பு உங்கள் பெயரில் இருந்தால் வரி ரீஃபண்டைப் பிடித்துக்கொள்வார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்க முடியும். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்திலும் கை வைக்கலாம். கருவூலத்தோடும் பேசித் தவணை வாங்கலாம், ஆனால் 30 வருட அவகாசத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

கடையில் வியாபாரம் இருக்கிறது, கடன்தான் அதிகம் என்றால் சப்சாப்டர் 5-ஐத் தீவிரமாக யோசியுங்கள். 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இது, சிறுதொழில்களுக்கான திவால் வழி. கடையை மூட வேண்டியதில்லை, நீங்களே நடத்தலாம். 90 நாளுக்குள் திட்டம் கொடுக்க வேண்டும். செலவு போக மிஞ்சும் வருமானத்தை மூன்று முதல் ஐந்து வருடம் கட்ட வேண்டும். இதில் பெரிய அனுகூலம் பிணையின் மதிப்பில் இருக்கிறது. அடுப்பு, ஃப்ரீசர், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து 30,000 டாலர்தான் தேறும் என்றால், 1,50,000 கடனில் அந்த 30,000 மட்டுமே பிணையுள்ள கடனாக நிற்கும். மீதி மற்ற சாதாரணக் கடன்களோடு சேர்ந்துவிடும், அதில் ஒரு பகுதி மட்டுமே கட்டும்படி ஆகலாம். மனு கட்டணம் 1,738 டாலர், வக்கீல் செலவு அதைப் போலப் பல மடங்கு. மொத்தக் கடன் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 34,24,000 டாலர். தனிநபர் உத்தரவாதம் கொடுத்திருந்தால், கம்பெனி பெயரில் போடும் மனு உங்களைக் காப்பாற்றாது. இதைப் பலர் மனு போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

வியாபாரமே இல்லையென்றால் மூடுவதுதான் சரி. உத்தரவாதம் இல்லாத எல்எல்சிக்கு இது வலி குறைந்த வழி. ஆனால் பிணையில் இருக்கும் சாமான்களை எஸ்பிஏவுக்குத் தெரியாமல் விற்றுவிடாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்கி, விற்ற பணத்தை அவர்களுக்குக் கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கடன் பணம் எதற்குச் செலவானது என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். முறைகேடாகப் பயன்படுத்தினால் வாங்கிய தொகையைப் போல ஒன்றரை மடங்குக்குப் பொறுப்பாக்கும் விதி அந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது. சோல் ப்ரொப்ரைட்டர் கடையை மூடினாலும் கடன் அவரோடேயே வரும். அவருக்கு விடுதலை தரக்கூடியவை தனிநபர் திவால் வழிகளான சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனை முடிப்பது) அல்லது 13 (தவணையில் கட்டி முடிப்பது).

கருவூலத்துக்கு அனுப்பும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் வரும். கடன் பத்திரத்தையும் வருமான வரித் தாக்கலையும் எடுத்துக்கொண்டு திவால் வக்கீலைப் பார்ப்பதென்றால் அந்த 60 நாளுக்குள் பாருங்கள், கட்டணம் ஏறுவதற்கு முன்.