கயிறா, ராட்செட் பெல்ட்டா?

வண்டியில் ஏற்றிய சரக்கைக் கட்டக் கயிறா, ராட்செட் பெல்ட்டா (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) என்பது சரக்கைப் பொறுத்தது. வாலிநோக்கம் உப்பு மூட்டைக்கு நைலான் கயிறே போதும். தார்ப்பாய் மேல் குறுக்கும் நெடுக்குமாக வலைபோலப் போட்டு ஒவ்வொரு கொக்கியிலும் மாட்ட அதுதான் வளைந்துகொடுக்கும். குறை, நைலான் நீளும். நனைந்தால் இன்னும் நீளும். மூட்டையும் ஓட ஓட அமுங்கும். காலையில் விண்ணென்று நின்ற கயிறு 20 கிலோமீட்டரில் தொளதொளத்துவிடும், நிறுத்தி இறுக்கியே ஆக வேண்டும்.

ஃபைபர் படகு, இன்ஜின் என்றால் கயிற்றை மறந்துவிடலாம். 50 மி.மீ. பாலியஸ்டர் பெல்ட் நேர் இழுவையில் சுமார் 2.5 டன் தாங்கும் (லேபிளைப் பாருங்கள்). ஆனால் அது பெல்ட்டின் தாங்குதிறன். கைப்பிடி ஆட்டி வரும் இறுக்கம் சாதாரண ராட்செட்டில் 300 கிலோ சொச்சம்தான். அதுவும் பெல்ட் வண்டித் தளத்தோடு 30 டிகிரி சாய்ந்து போனால் கீழ்நோக்கி அழுத்துவது பாதியே. தாழ்வான சரக்குக்குப் பெல்ட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

முதலில் தொய்வைக் கையால் இழுத்துவிட்டு, ராட்செட்டின் அச்சில் பெல்ட்டை 2, 3 சுற்று மட்டும் ஏற்றுங்கள். அதிகம் சுற்றினால் நெரிந்து, அவிழ்க்க முடியாது. படகின் விளிம்பில் பழைய டியூப் துண்டு வையுங்கள். வெட்டுப்பட்ட பெல்ட்டை முடிச்சுப்போட்டு ஓட்டாதீர்கள்.

பாம்பன் பாலத்து உப்புக்காற்றில் ராட்செட்டின் பல் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அச்சில் 2 சொட்டு எண்ணெய் விடுங்கள். கயிற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, வெயில்தான் எமன்.