பெங்களூரு செம்மண்ணா மும்பை களிமண்ணா, உப்பு எதுல ஜாஸ்தி?

நான் பெங்களூரு அல்சூர்ல, அக்கா மும்பை முலுண்ட் கிழக்குல, க்ரீக் (கடல் உள்ள புகுந்த கழி) பக்கம். ரெண்டு பேரும் தரையில கறிவேப்பிலை வச்சோம், எனக்கு தளதளன்னு வந்துச்சு, அவளுக்கு இலை நுனி கருகிப்போச்சு.

பெங்களூருக்கு அடியில இருக்கிறது சுமார் 300 கோடி வருஷத்து நைஸ் (gneiss) பாறை, அதாவது பூமிக்கடியில சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின பாறை, அது சிதைஞ்சு வந்த செம்மண்ணுல தண்ணி நிக்காது, ஊரும் கடல்மட்டத்துக்கு மேல 900 மீட்டர், மழை பேஞ்சா உப்பு கீழ இறங்கிடும். மும்பைக்கு அடியில 6.6 கோடி வருஷத்து எரிமலைப் பாறை, ஆனா பாறை மேல பழி போடாதீங்க, தானே க்ரீக் ஓரமா படிஞ்ச கடல் சேறுதான் வில்லன், அங்க உப்பளமே இருக்குன்னா பாத்துக்கோங்க. மழைக்காலத்துல மேல்மண்ணு கழுவிடும், அப்புறம் ஏப்ரல் மே வெயில்ல தண்ணி ஆவியாக ஆவியாக அடியில இருக்கிற உப்பு மேல ஏறி வெள்ளையா பூக்கும். உப்புல இருக்கிற சோடியம் களிமண்ணை இறுக்கிடும், வேருக்கு காத்தே போகாது. ஜிப்சம்ங்கிற கால்சியம் தாதுவைப் போட்டு, நல்ல தண்ணி விட்டு சோடியத்தை வடிய விடலாம், வடிகால் இல்லன்னா ஜிப்சம் காசு தண்டம்.

இங்கயும் போர் தண்ணி ஊத்தினா தொட்டி விளிம்புல வெள்ளைப் படிவு வரும்தான், அது பெரும்பாலும் சுண்ணாம்பு, அவ்ளோ கொடுமை இல்ல. அக்காகிட்ட தரையை விட்டுட்டு தொட்டியில வைன்னு சொல்லிட்டேன்.