விஜேதா பொடி: பல பருவங்கள் தூவிய பிறகு

உடுமலைப் பக்கம் வெள்ளைக் கூடு கட்டும் வெண்கூட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறேன். மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய விஜேதா படுக்கைக் கிருமிநாசினியை, அதாவது புழுக்கள் மேலும் தழைப் படுக்கை மேலும் தூவும் பொடியை, பல வருடங்களாகத் தூவி வருகிறேன். பொடி நல்ல பொடிதான். ஆனால் தூவும் வேளை தவறினால் காசு வீண்.

ஒவ்வொரு தோலுரிப்பும் முடிந்து, ஏறக்குறைய எல்லாப் புழுக்களும் எழுந்த பிறகே தூவ வேண்டும். அரை மணி நேரம் விட்டு மல்பெரித் தழை போட வேண்டும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு வரும் ஐந்தாம் புழுப் பருவத்தின் நான்காம் நாள் மறுபடியும் ஒரு முறை. புழு தழை தின்னும்போதோ தோலுரிக்க அடங்கியிருக்கும்போதோ தூவக் கூடாது. அடங்கும் நேரத்துக்கு நீற்றிய சுண்ணாம்பு போதும், படுக்கை காய்ந்துவிடும்.

கோடையில் என்னைக் கவலைப்படுத்துவது பால்புழு நோய். கணுக்கள் வீங்கிய புழு தட்டின் விளிம்பில் நிலைகொள்ளாமல் ஊரும். தோல் கிழிந்தால் பால் போன்ற நீர் வடியும். அந்த ஒரு சொட்டில் எத்தனை வைரஸ்! விஜேதா அதைப் பக்கத்துப் புழுவுக்குப் பரவாமல் தடுக்குமே தவிர, நோய் பிடித்த புழுவைக் காப்பாற்றாது. அதைப் பொறுக்கிச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்ட சட்டியில் இட்டுப் பிறகு புதைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் சுண்ணாம்புக்கட்டி நோய் என்கிற பூஞ்சை நோய்க்கும் இதே வழிதான். செத்த புழு வெள்ளை பூப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். பூத்துவிட்டால் வித்துகள் காற்றில் பறக்கும்.

உண்மையில் பாதி வேலை புழு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கூடு அறுத்ததும் புழு வளர்ப்பு மனையைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடர், 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பு என்ற கணக்கில் தாங்கி, வலை, தரை எல்லாம் நனையத் தெளிக்கிறேன். கண் எரியும், இரும்புத் தாங்கி துருப்பிடிக்கும், வேறு வழியில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்தே வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். குளோரின் பறந்துபோன பிறகு அது வெறும் வெள்ளைத் தூள்.

பெப்ரின் என்கிற நுண்ணுயிரி நோய்க்கு மட்டும் விஜேதா பொடியை நம்ப வேண்டாம். அது தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவும் வருகிறது என்பதை 1860களிலேயே பாஸ்டர் காட்டிவிட்டார். தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்த முட்டையா என்று, முட்டை பொரித்து இளம்புழு வளர்த்துத் தரும் இளம்புழு மையத்தில் கேட்டுத்தான் புழு எடுக்கிறேன். கேள்விக்கு முகம் சுளிக்கும் மையத்துக்கு மறுபடி போவதில்லை.