உலோக அளவை அறிய இரத்தமா, சிறுநீரா, தலைமுடியா?

உடலில் ஈயம், பாதரசம், துத்தநாகம் முதலியன எவ்வளவு உள்ளன என்று அறிய விரும்பும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: மருத்துவர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, தபாலில் அனுப்பினாலே போதும் என்று விற்கப்படும் தலைமுடிப் பரிசோதனை. அறிக்கையில் அச்சாகும் 'இயல்பு அளவு' எந்த மாதிரிக்கு உரியது என்று பாராமல் அந்த எண்ணைப் படிப்பதில் பயனில்லை.

ஈயத்துக்கு இரத்தமே ஏற்றது. தென்னாப்பிரிக்கக் கரையோரங்களில், பழைய பாத்திரத்தில் ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்கான குண்டுகளை வீட்டிலேயே வார்க்கும் வழக்கம் இருக்கிறது. தரையில் படியும் அதன் துகள், தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போய்ச் சேரும். ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதல். அதற்குக் கீழுள்ள அளவு தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஈயத்தால் உடலுக்கு ஆகும் வேலை எதுவுமே இல்லை. இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடுகிறது. பெரியவர்களிடம் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. ஆகவே, 2006இல் ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே நிறுத்தப்படுவதற்கு முன் சுவாசித்ததன் முழுக் கணக்கை இன்றைய இரத்தம் சொல்லாது.

ஆர்செனிக் இரத்தத்திலிருந்து சில மணி நேரத்திலேயே விலகிவிடுவதால், அதற்குச் சிறுநீரே பொருத்தம். ஆனால் முந்தின நாள் மீன் குழம்போ இறாலோ சாப்பிட்டிருந்தால், அவற்றிலுள்ள தீங்கற்ற கரிம ஆர்செனிக் (கார்பனோடு சேர்ந்த வகை) மொத்த அளவை உயர்த்திக் காட்டி வீண் பீதியைக் கிளப்பும்; சில நாட்கள் கடலுணவைத் தவிர்த்துவிட்டே மாதிரி தர வேண்டும். பாதரசத்திலும் வகை பார்க்க வேண்டும்: பணியிடத்து ஆவியாக உட்புகுந்தது சிறுநீரிலும், மீன் வழியாக வந்த மெத்தில் பாதரசம் இரத்தத்திலும் தலைமுடியிலும் தெளிவாகத் தெரியும்.

தலைமுடிக்கு உள்ள உண்மையான மதிப்பு பெரும்பாலும் இந்த மெத்தில் பாதரசம் ஒன்றில்தான். மற்ற உலோகங்களில், சாயமும், பொடுகு ஷாம்பூவிலுள்ள துத்தநாகமும் செலினியமும், வகிட்டில் வைக்கும் கலப்படக் குங்குமமும் முடியில் ஒட்டிக்கொண்டு, உடலுக்குள் இருப்பவை போலவே எண்ணாக வந்து நிற்கும். 2001இல் அமெரிக்காவில் ஒரே நபரின் முடியை ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன. வண்ணப் பட்டைகள் நிறைந்த தலைமுடிப் பரிசோதனை அறிக்கைக்குக் காசு செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துத்தநாகத்துக்குச் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பரிசோதனையே வழக்கம்; டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 70 முதல் 120 மைக்ரோகிராம் வரை இயல்பு. காய்ச்சலிலும் அழற்சியிலும் அது தானே இறங்கும், ரப்பர் மூடியிட்ட சாதாரணக் குழாயில் எடுத்தால் பொய்யாக ஏறும்.

உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீரை இவற்றுடன் ஒப்பிடவே கூடாது. மருந்து சாப்பிடாதவர்களுக்கென வகுத்த இயல்பு அளவோடு அதைப் பக்கத்தில் வைத்தால், எவர் உடலும் நஞ்சேறியதாகவே தோன்றும்.