தருமபுரியில் ஒரு ஸ்கேன் மையம்: கருவி நன்று, கதிர்வீச்சுக் கவனம் பாதி

தருமபுரி நகரில் உள்ள தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் என் பெரியம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் குறையாகச் சொல்பவை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கும் என்று தோன்றாததால், மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். படத்தின் தெளிவு, காத்திருக்கும் நேரம், ஊழியர்களின் பேச்சு ஆகியவற்றில் எனக்குக் குறையில்லை; மதிய உணவுக்கு முன்பே படமும் அறிக்கையும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் எக்ஸ்ரே மையத்தை இவற்றைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது.

பெரியம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தவர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால், இடுப்பும் முழங்காலும் விறைத்துப்போன முதியவர்களுக்கு முதுகெலும்போடு முன்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதுண்டு. எலும்பு அடர்ந்து வெளுத்திருப்பதும், முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையிலான சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பதும், ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் நோயின் அடையாளங்கள். மருத்துவரும் அதையே எழுதியிருந்தார். வரவேற்பில் இருந்தவரோ, “எக்ஸ்ரேக்குப் பதிலா சிடி ஸ்கேனாவே எடுத்துடுங்களே, இன்னும் தெளிவாத் தெரியும்” என்றார். என் முதல் புள்ளிக் குறைப்பு அதற்குத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் அது ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை போகும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே மனிதர் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இயற்கையாகவும் மருத்துவத்துக்காகவும் பெறுவது போக, இந்தியாவில் பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு மட்டும் இப்படி ஒரு வரம்பு கிடையாது, ஏனெனில் சிகிச்சைக்கு எவ்வளவு தேவை என்பதை முன்கூட்டியே எண்ணால் கட்டிவிட முடியாது. அவருக்கான பாதுகாப்பு, இந்தப் படம் உண்மையிலேயே வேண்டுமா என்று மருத்துவர் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது. அந்த முடிவில் வரவேற்பு மேசைக்கு வேலையே இல்லை.

உள்ளே நிலைமை மேலானது. எக்ஸ்ரே அறையின் கதவில் கதிர்வீச்சுக் குறியும் மேலே சிவப்பு விளக்கும் இருந்தன. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பு தமிழில் இருந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சான்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. வாரியம் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது; கூடங்குளம், கல்பாக்கம் உலைகளைக் கண்காணிக்கும் அதே அமைப்புதான் தெருமுனை எக்ஸ்ரே கருவிக்கும் பொறுப்பு. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி வாரியத்தின் அனுமதி இல்லாமல் கருவியை இயக்கக் கூடாது; விண்ணப்பங்களை இ-லோரா என்ற இணையதளம் வழியாகப் பெறுகிறார்கள். அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் இந்த வரையறைக்குள் வரா. கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம் என்று வாசலிலேயே பெரிதாக வைத்திருக்கும் பலகை 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தைச் சேர்ந்தது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் கெட்ட இந்த மாவட்டத்தில் அது பெரிதாக இருப்பதே சரி. வாரியத்தின் சான்றும் அதில் பாதி அளவுக்காவது, தமிழில் ஒரு வரியோடு இருந்திருக்கலாம்.

பெரியம்மாவால் முன்கையைத் திருப்பி வைக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள என்னை அழைத்த டெக்னீஷியன், நான் கேட்பதற்கு முன்பே ஈய ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். துணைக்கு வந்தவர் பிடிக்க வேண்டி வந்தால் அவர் வயது வந்தவராகவும் கர்ப்பமில்லாதவராகவும் இருந்து, ஏப்ரன் அணிந்திருக்க வேண்டும் என்பதே முறை. பல இடங்களில் ஏப்ரன் இல்லாமலே நிற்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதால், இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் அதே டெக்னீஷியனின் டிஎல்டி பேட்ஜ் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர் பெற்ற கதிர்வீச்சை அளக்க வேண்டிய பொருள் அது. ஆணியில் தொங்கினால் சுவர் பெற்ற அளவே பதிவாகும். கேட்டதற்கு, “ஏப்ரனோட போட்டா உறுத்துதுங்க” என்று சிரித்தார். நாள் முழுவதும் அந்த அறையில் நிற்பவர் அவர்தான். அவருடைய பதிவேட்டில் எல்லாக் காலாண்டிலும் நல்ல எண்களே இருக்கும், அவற்றால் யாருக்கும் பயனில்லை. இதைக் கவனிக்க வேண்டிய கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டேன். உரிமையாளரின் பெயரைச் சொன்னார்கள், அவர் அன்று ஊரில் இல்லை.

வாரியத்தின் ஆய்வாளர் வந்து பிடிப்பார் என்று இருந்துவிட முடியாது. நாட்டின் மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வாரியத்திடம் பதிவே செய்யப்படாமல் இயங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012இல் சுட்டிக்காட்டினார். கண்காணிக்கும் வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்பதும் அந்த அறிக்கையின் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே, வாரியத்துக்குப் பதிலாகத் தனி ஆணையம் அமைக்க 2011இல் கொண்டுவரப்பட்ட மசோதா, நிறைவேறாமல் 2014இல் மக்களவையோடு காலாவதியானது. ஆகவே சுவரில் உள்ள சான்று எந்தக் கருவிக்கு உரியது, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை நோயாளியின் துணைக்கு வந்தவர் பார்த்துக்கொள்வது நல்லது.

படத்தை ஃபிலிமாகவும் குறுந்தகடாகவும் கேட்காமலே கொடுத்தார்கள். சேலத்திலோ பெங்களூரிலோ வேறு மருத்துவரைப் பார்க்கும்போது அதே எக்ஸ்ரேயை மறுபடி எடுக்காமல் தப்பிக்க இது உதவும். எக்ஸ்ரேக்கு இந்த மையத்துக்குத் தயங்காமல் போகலாம். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதை மருத்துவர் தம் கையால் சீட்டில் எழுதித் தந்த பிறகு மட்டும் பணம் கட்டுங்கள்.